முன்னால் போனவன் தூவிய முள்

மலைக்கு அந்தப் பக்கம் கோகாவில் குடித்தனம் நடத்தும் என் உடன்பிறந்த இநே அக்காவுக்கு, இகாவிலிருந்து தங்கை தோமே தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மகன் முறையான கிஹெய்யும் நலம். இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்குப் போன மழைக்காலத்திலிருந்து கை வரவில்லை. இன்றைக்கு வருகிறது. அத்தானும், உன் மாமியாரும், இரண்டு பசுக்களும், வாதம் வந்த கோழியும் நலமாக இருக்கப் புத்தரை வேண்டுகிறேன். உனக்குத் தெரியும், எனக்கு எழுத்துக் கூட்டி எழுதத்தான் வரும், பெரிய எழுத்துகள் தெரியாது. தப்பு இருந்தால் படித்துச் சொல்லும் அத்தானைச் சரி பண்ணிக்கொள்ளச் சொல்.

அக்கா, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் இவர் போனதில் ஆரம்பிக்கிறேன். நம் பக்கத்து ஆண்கள் எல்லாரும் ஷினோபி வேலைக்குப் போகிறவர்கள்தான், யார் கூப்பிட்டாலும் போவார்கள், யார் கோட்டைக்குள்ளும் ஒளிந்து நுழைவார்கள், ஆனால் ஐந்து பேர் பத்துப் பேராகச் சேர்ந்து போவார்கள். இவர் மட்டும் தனியாள். இரண்டாவது ஆள் வந்தால் இரண்டாவது வாய் வரும், இரண்டாவது தும்மல் வரும் என்பார். தனியாகப் போகிறவனுக்கு என்று தனிப் பாடம் வைத்திருந்தார். குளத்தில் கல்லை எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடு. பல பேர் வந்தால் குறுகலான சந்துக்குள் போய் நில், ஒவ்வொருவனாகத்தான் வர முடியும். கடந்து வந்த வழியெல்லாம் முள் தூவிக்கொண்டே போ, பின்னால் வருகிறவன் எல்லாம் எதிரிதான். இதையெல்லாம் கிஹெய் நடக்கப் பழகும்போதே சொல்லிக் கொடுத்தார். அப்படியே ஒரு நாள் தனியாகப் போனார். திரும்பவில்லை. பார்த்தவர் இல்லை, கேட்டவர் இல்லை, ஒரு வைக்கோல் செருப்புக்கூட வந்து சேரவில்லை. சேர்ந்து போயிருந்தால் யாராவது ஒருத்தர் வந்து, இந்த இடத்தில் விழுந்தார், கடைசியாக இதைச் சொன்னார் என்றாவது சொல்லியிருப்பார்கள். எரிக்க உடம்பு இல்லாமல், அவருடைய பழைய இடுப்புக் கச்சையை வைத்துக் காரியம் செய்தோம். நான் அழவும் இல்லை. வாசலில் காலடிச் சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் அழுகை எப்படி வரும்.

இந்த லட்சணத்தில், போன மாதம் வடக்கு மலைப் பிரபுவின் ஆள் வந்தான். ஆற்றங்கரைக் கோட்டையில் எதிரி நெல் சேர்த்து வைத்திருக்கிறான், அந்தக் களஞ்சியத்தைக் கொளுத்த வேண்டும் என்றான். வீட்டுக்கு ஓர் ஆள் போவது நம் ஊர்க் கட்டுப்பாடு. எங்கள் வீட்டில் மிச்சம் இருக்கும் ஆண் கிஹெய் ஒருவன். அவன் அப்பா மாதிரித் தனியாகப் போகிறேன் என்று நின்றான். மூத்தார் மகோரோகு, அதுதான் இவருடைய அண்ணன், அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்து முள்ளங்கியைக் கடித்துக்கொண்டே பஞ்சாயத்துப் பண்ணினார்.

"டேய், தனியாப் போனா வேவு பாக்கலாம். களஞ்சியத்தக் கொளுத்த முடியுமா? ஒருத்தன் கதவத் தொறக்கணும், ஒருத்தன் தீ வைக்கணும், ஒருத்தன் காவல் நிக்கணும், ஒருத்தன் நாப்பது பேரு மாதிரி சத்தம் போடணும். நாலு கை உனக்கு இருக்கா?"

"அப்பா ஒத்தை ஆளா ஏழு கோட்டைக்குள்ள போயிருக்காரு பெரியப்பா."

"போயிருக்கான். எட்டாவதுல என்னாச்சு?"

அக்கா, நான் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன், "போறதா இருந்தா பெரியப்பா கூடப் போ. இல்லன்னா என்னக் கொன்னு பொதச்சிட்டுப் போ, உனக்குத்தான் எல்லாம் தனியாச் செய்யத் தெரியுமே" என்று. மூத்தார் முள்ளங்கியைக் கடிப்பதை நிறுத்தினார். கிஹெய் கோபமாக எழுந்து போனான், ஆனால் கூட்டத்தோடு போகச் சம்மதித்தான்.

நான்கு பேர் போனார்கள். கிஹெய், மூத்தார், ஊர்க்காரர் இருவர். விறகு சுமக்கும் ஆட்கள் மாதிரி வைக்கோல் மழையங்கி போட்டுக்கொண்டு, வெடிமருந்தை விறகுக் கட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, மழை பெய்யும் சாயங்கால வேளையில் கோட்டையின் பின்பக்கச் சரிவில் ஏறினார்கள். மழை எதிரியின் கண்ணை மறைக்கும் என்று மூத்தார் கணக்குப் போட்டாராம். மழை வெடிமருந்தையும் நனைக்கும் என்பது உள்ளே போன பிறகுதான் ஞாபகம் வந்ததாம். இவர் இருந்தால் சிரித்தே உருண்டிருப்பார்.

அது பரவாயில்லை. கால் லேசான பையன் என்று கிஹெய்யை முன்னால் விட்டார்கள். அவனும் அப்பா சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒரு சொல் விடாமல் செய்தான். குளத்தில் விளையும் முள்காயைக் காயவைத்து இடுப்பில் பை நிறையக் கட்டிக்கொண்டு போயிருந்தான், எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நிற்குமே, அது. சரிவில் ஏற ஏறப் பின்னால் தூவிக்கொண்டே போனான். பின்னால் வந்தது எதிரியா? பெரியப்பா. அவர் வலது கால் குதிகாலில் ஒன்று செருப்பைத் துளைத்து ஏறிவிட்டது. கத்தினால் தலை போகும். பாவம், சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இவன் திரும்பிப் பார்த்து, "ஏன் பெரியப்பா நின்னுட்டீங்க" என்று கேட்டிருக்கிறான். அவர் வாயிலிருந்து துணியை எடுத்துவிட்டு, "ஒன்னுமில்லடா, உங்கப்பன நெனச்சேன்" என்றாராம்.

நொண்டிக்கொண்டே உள்ளே போனார்கள். களஞ்சியத்துக்குப் போக வேண்டுமானால் காவலாட்கள் சாப்பிடும் கொட்டகையைத் தாண்ட வேண்டும். தாண்டும்போது சமையல்காரன் ஒருவன், "விறகுக்காரங்களா, நனஞ்சு போய் நிக்கிறீங்களே, வாங்க, கஞ்சி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டான். மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். கூட்டமாகப் போகிறவன் கூட்டத்தோடு கலந்துவிட வேண்டும் என்பது மூத்தாரின் பாடம். ஆகவே எதிரியின் கொட்டகையில், எதிரியின் பாயில், எதிரியின் தினைக் கஞ்சியைக் குடிக்க உட்கார்ந்தார்கள். நன்றாக இருந்ததாம். நான் வைப்பதைவிட உப்புக் கூடுதலாம். இதை வேறு என்னிடம் சொல்கிறான்.

அப்போதுதான் அக்கா, காவல் தலைவன் உள்ளே வந்து, "மலை" என்று ஓங்கிச் சொன்னான். நமக்குத் தெரிந்ததுதான், நம் பக்கத்தில் பால் மறந்த பிள்ளைக்கே சொல்லிக் கொடுப்போமே. மலை என்றால் எழுந்து நிற்க வேண்டும், ஆறு என்றால் உட்கார வேண்டும், கூட்டத்தில் எவன் தடுமாறுகிறானோ அவன் வெளியாள். கிஹெய்யும் மற்ற இருவரும் பழக்க தோஷத்தில் சட்டென்று எழுந்துவிட்டார்கள். எழுந்து பார்த்தால், அந்தக் கொட்டகையிலேயே நிற்பது அவர்கள் மூன்று பேர்தான். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வயலிலிருந்து பிடித்து வந்த குடியானவர்கள், முந்தின நாள்தான் சொல்லிக் கொடுத்தார்களாம், கஞ்சியைப் பார்த்ததும் மறந்துவிட்டார்கள். மூத்தாரும் உட்கார்ந்தேதான் இருந்தார். குதிகாலில் முள்ளை வைத்துக்கொண்டு எழுந்தால் விழுந்திருப்பார்.

காவல் தலைவன் நின்ற மூன்று பேரையும் பார்த்தான். இவ்வளவு ஒழுங்காக எழுந்திருக்கிறவன் எங்கே பிறந்தவன் என்று அவனுக்குத் தெரியாதா. கிட்ட வந்தான், கத்திப் பிடியில் கையை வைத்தான். அக்கா, கிஹெய் இதைச் சொல்லும்போது, பிள்ளை என் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பதே மறந்து போயிற்று. விளக்கு வெளிச்சம் காவல் தலைவன் முகத்தில் விழுந்ததும் பார்த்தால், ஹன்சாகு. உன் கொழுந்தன். இவர் காரியத்துக்கு வந்து மூன்று கிண்ணம் கூழ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கூழ் ஆறிப்போச்சு என்று குறை சொல்லிவிட்டுப் போனானே, அதே ஹன்சாகு. உங்கள் கோகா ஆட்களைக் காவலுக்கு எடுத்திருக்கிறார்கள், எங்கள் இகா ஆட்களைக் கொளுத்துவதற்கு எடுத்திருக்கிறார்கள்.

அவன் உதடு அசையாமல், "உங்கம்மா எப்படிடா இருக்கா" என்று கேட்டானாம்.

"இருக்காங்க சித்தப்பா."

"விறகுக்காரங்க நாலு பேருன்னாங்களே, இன்னொருத்தன் எங்க?"

"அதோ, உக்காந்திருக்காரு. கால்ல முள்ளு."

"எவன் போட்டது?"

கிஹெய் இடுப்புப் பையைக் கையால் மறைத்துக்கொண்டான். ஹன்சாகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கொட்டகை அதிர, "எந்திரிச்சவன்தான் நம்ம ஆளு. உக்காந்திருக்கிறவன் பூரா வேவுக்காரன். பிடிங்கடா" என்று கத்தினான். சட்டப்படி அவன் சொன்னது சரிதானே. வெளியே நின்ற காவலாட்கள் உள்ளே பாய்ந்தார்கள், குடியானவர்கள் கஞ்சிக் கிண்ணத்தால் அடித்தார்கள், யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை, அடுப்பு சாய்ந்தது, தணல் வைக்கோலில் விழுந்தது, கொட்டகையை ஒட்டி இருந்த களஞ்சியத்தின் கூரை, மழை நனைக்காத உள்பக்கமாகத் தீப் பிடித்துக்கொண்டது. யாரும் சாகவில்லை. நம்மவர்கள் பெரியப்பாவை விறகுக் கட்டு மாதிரி முதுகில் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகவே வந்துவிட்டார்கள். பின்பக்கச் சரிவில் இறங்க முடியாது அல்லவா, அங்கே முள் கிடக்கிறது. வாசலில் நின்றவன் கதவைத் திறந்து விட்டு, "அடிபட்டவரா, பாத்துத் தூக்கிட்டுப் போங்க" என்றானாம்.

விடிந்ததும் என் வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. ஓர் ஆள் சத்தம் இல்லை, பல ஆள் சத்தம், அதில் ஒன்று நொண்டல். ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். பிள்ளையை ஒவ்வொரு விரலாக எண்ணிப் பார்த்தேன். மூத்தாருக்கு நானே ஊசியால் முள் எடுத்துவிட்டேன். அந்த மனிதர், "தோமே, உம் புருஷன் நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கான். அது பூரா எங்கால்ல இருக்கு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். இவர் போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

கிஹெய் இனிமேல் தனியாகப் போவதில்லை என்று அப்பாவின் கச்சையைத் தொட்டுச் சத்தியம் பண்ணிவிட்டான். இப்போது கூரைக்கு வைக்கோல் மாற்றிக்கொண்டிருக்கிறான். வசந்தத்தில் நாற்று நட அவனைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். அதற்குள் பெண் ஒன்று பார்த்து வை. ஹன்சாகுவுக்கு என் கும்பிடு, அடுத்த தடவை கூழ் சூடாகத் தருகிறேன் என்று சொல். எல்லாரும் நீண்ட ஆயுசோடு, ஒரே வீட்டில், ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரிய இருக்க வேண்டும். இப்படிக்கு, இப்போது தூக்கம் வரும் தங்கை தோமே.

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை. கிஹெய் செத்துப்போய்விட்டான். பயப்படாதே, முழுக்கப் படி. காகிதத்தை மடிக்கும்போது பிரபுவின் ஆள் வந்தான். கஞ்சி குடித்ததை வெளியே சொல்ல முடியாமல், கிஹெய் முன்னால் நின்று நாற்பது பேரைச் சாய்த்தான், தன் காலில் பட்டது ஈட்டி என்று மூத்தார் ஏற்கெனவே பிரபுவிடம் அளந்து வைத்திருந்தார். அதைக் கேட்டுவிட்டு வந்த ஆள், "அப்படிப்பட்டவன் எங்களுக்கு வேணும். ஏரிக் கோட்டைக்குள்ள ஒத்தை ஆளாப் போகணும்" என்றான். இவர் கடைசியாகப் போனதும் அந்த ஏரிக் கோட்டைக்குத்தான். நான் இவருக்காக உடுத்திய துக்கத் துணியோடேயே வெளியே போய் விழுந்தேன். "எம் பிள்ள காயத்தோட வந்து விடியக்காலையில போயிட்டானே" என்று அழுதேன். மூத்தார் ஒரு நொடி மரம் மாதிரி நின்றார், பிறகு அவரும் பக்கத்தில் விழுந்து அழுதார். மேலே கூரையில் இருந்தவன் புத்தியாக மூச்சுக் காட்டாமல் படுத்துக்கொண்டான். மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலை என்றால் இதுதான் என்று தோன்றியது.

ஆகவே இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து நிற்கும் பையன் உன் வீட்டுக்குப் புதிதாக வந்த பண்ணையாள். அவனுக்கு வயிறு நிறையச் சோறு போடு, பெயரை நீயே வை, கேட்கிறவர்களிடம் அநாதை என்று சொல். இங்கே ஊர் முழுக்க என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அழுகை நிற்கவே இல்லை, அக்கா. பிள்ளை பேரைச் சொல்லிச் சொல்லி, இவருக்கு அழாமல் விட்டதையெல்லாம் அழுது தீர்த்துக்கொண்டிருக்கிறேன். நடுநடுவே சிரிப்பு வந்துவிடுகிறது. அப்போது முகத்தை மூடிக்கொள்கிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் முதுகைத் தடவிக் கொடுக்கிறார்கள்.