பின்னணி பசேல்னு இருக்கணும்

"கொஞ்சம் தலையைத் தூக்கும்மா. கழுத்தைத் தளர்த்தி விடு. ரெண்டு காதும் தெரியணும்."

மாடு கேட்கவில்லை. ஸ்டூடியோக்காரர் கட்டாந்தரையில் குப்புறப் படுத்தபடி, அதையே இன்னும் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். மாடு காய்ந்த புல்லை நாக்கால் சுழற்றிப் பிடுங்கிக்கொண்டே மெல்லத் திரும்பியது. இப்போது கேமராவுக்குள் இருந்தது அதன் பின்புறம் மட்டும்தான்.

"ஏங்க, அது என்ன பாஸ்போர்ட் போட்டோவுக்கா வந்திருக்கு?" என்றாள் மனைவி. வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளைத் தெர்மாகோல் பலகையைத் தூக்கிப் பிடித்து நின்றதில் அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"நீ பலகையை ஆட்டாம பிடி. மாட்டை நான் பாத்துக்கறேன்."

"காலையிலேர்ந்து நீங்கதான் பாத்துட்டிருக்கீங்க. அதுதான் உங்களைப் பாக்க மாட்டேங்குது."

இத்தனை வருஷமும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களை மட்டுமே படம் எடுத்தவர். எல்லோரும் செல்போனிலேயே எடுத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு, ஸ்டூடியோ நாற்காலியில் அவரே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பால் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். காலண்டருக்கு மாடு மேய்கிற படம் ஒன்று வேண்டும். அது நன்றாக வந்தால் இனி கம்பெனி படமெல்லாம் அவரிடம்தான். ஆனால் சாயங்காலத்துக்குள் வந்தாக வேண்டும், அச்சகத்தில் காத்திருக்கிறார்கள். "மாடுதானே சார், அது என்ன கண்ணையா சிமிட்டப் போகுது!" என்று அவரும் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

ஊரைத் தாண்டியதும் மாடுகள் கண்ணில் பட்டன. பக்கத்திலிருந்த வேலியின் கேட்டை ஒட்டிக் காரை நிறுத்தி, பம்ப்செட் அறையின் நிழலில் பை, தண்ணீர், சாப்பாட்டுக் கூடை எல்லாவற்றையும் இறக்கிவைத்தார்கள். மாட்டுக்காரர் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"சார், ஒண்ணுகூட அந்தப் பக்கம் வராது சார். நான் பாத்துக்கறேன். நீங்க கவலையே படாதீங்க."

"அட, நீங்க எதுக்குப் பதறுறீங்க? நாங்க படம் எடுக்கத்தான் வந்தோம். அது பாட்டுக்கு மேயட்டும்."

மாட்டுக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என்ன பணிவு, என்ன பணிவு என்று ஸ்டூடியோக்காரர் வியந்துபோனார். ஆனால் அந்தப் பணிவில் கொஞ்சம்கூட மாடுகளிடம் இல்லை.

கூப்பிட்டால் தலை நிமிர்த்தும் என்று "ம்மா" என்று கத்திப் பார்த்தார். எல்லா மாடும் ஒன்றுசேரத் திரும்பி எதிர்த்திசையில் நடந்தன. மனைவி கார் சாவியைக் குலுக்கினாள். ஒரு கன்றுக்குட்டி மட்டும் வந்து சாவியை முகர்ந்து பார்த்துவிட்டு, மிரண்டு ஓடியது. அதன் பின்னால் தாய் ஓட, தாயின் பின்னால் மாட்டுக்காரர் ஓடினார்.

கிடைத்ததில் தேறிய படம் ஒன்றை மேனேஜருக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"என்னங்க இது, மாடு பாலைவனத்துல நிக்குது? எங்க பாலைக் குடிக்கறவங்க என்ன நினைப்பாங்க? பின்னணி பசேல்னு இருக்கணும்."

ஸ்டூடியோவாக இருந்தால் சுவரில் திரையை மாற்றித் தொங்கவிட்டிருப்பார். இங்கே எதைத் தொங்கவிடுவது? எரிச்சலோடு சுற்றிலும் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம், இடுப்பு உயரத்துக்கு, கண்ணைப் பறிக்கும் பச்சையில் ஏதோ பயிர் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

"ஏங்க, மாடுங்களை அந்தப் பச்சையில கொஞ்சம் மேய விட்டா என்ன?" என்று கேட்டார்.

மாட்டுக்காரர் அவர் முகத்தையும் பயிரையும் மாறி மாறிப் பார்த்தார். "நிஜமாவா சொல்றீங்க?"

"உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னா..."

"எனக்கென்ன சார் ஆட்சேபணை!" என்றவர், சொல்லி வாய் மூடுவதற்குள் கேட்டில் சுற்றியிருந்த கம்பியைப் பிரித்துவிட்டார்.

மாடுகள் நடந்து போகவில்லை, பாய்ந்தன. முன்பாவது பத்து வாய்க்கு ஒரு தடவை மூச்சுவிடத் தலை தூக்கியவை, இப்போது மூச்சுவிடுவதையே மறந்துவிட்டன. பச்சைக்கு மேல் முதுகுகள் மட்டும் மிதந்தன.

"பின்னணி ஓகே," என்றார் மேனேஜர் போனில். "மாடு எங்கே? ஏதோ பாறைங்க மாதிரி தெரியுது. அதுவும் நாலே நாலு. எங்க கம்பெனியில பாலே இல்லேன்னு ஆயிடும். மந்தையா இருக்கணும் சார், மந்தையா!"

ஸ்டூடியோக்காரர் போனைச் சட்டைப்பையில் திணித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மாடு கிடைக்குமா?" என்று கேட்டார்.

மாட்டுக்காரர் கக்கத்துத் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் தம்பிகிட்ட இருக்கு. சம்பந்தி வீட்டுலயும் இருக்கு. கூட்டிட்டு வரச் சொல்லவா? உங்களுக்குச் சிரமமா இருக்காதே?"

"எனக்கென்ன சிரமம்? எல்லாரையும் வரச் சொல்லுங்க!"

தம்பியின் மாடுகள் வந்தன. சம்பந்தியின் மாடுகள் வந்தன. யாரும் கூப்பிடாமலே சேதி கேட்டு எருமைகள் வந்தன. எங்கிருந்தோ ஆடுகளும் வந்து, மாடுகளின் கால்களுக்கிடையே புகுந்து மேய்ந்தன.

"ஏங்க," என்றாள் மனைவி கவலையாக, "பயிர் பூரா போகுதே?"

"அவரே சிரிச்சிட்டு நிக்கறார், உனக்கென்ன வந்தது? பலகையைப் பிடி!"

அவள் பலகையைத் தூக்கிய நேரத்தில், பின்னால் வந்த ஒரு சிவப்பு மாடு அவள் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டது. அவள் இழுத்தாள். மாடும் இழுத்தது. இழுபறியில் மாட்டின் தலை கம்பீரமாக நிமிர்ந்தது; காது இரண்டும் தெரிந்தன.

"அப்படியே நில்லு! விட்டுடாதே! ஆஹா, பாத்தியா, தலையைத் தூக்கிடுச்சு!"

"யோவ், என் புடவை!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை 'யோவ்' என்றதில்லை. அடுத்து வந்தது தெர்மாகோல் பலகை. அது அவர் தலையில் உடைந்தது. குனிந்து தப்பிக்கப் பார்த்தவர் கால் இடறி, பாத்திச் சேற்றில் உட்கார்ந்தார். கேமராவை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்துக் காப்பாற்றிவிட்டார். அதையும் ஓர் எருமை நிதானமாக வந்து, லென்ஸிலிருந்து பட்டன் வரை நக்கிவிட்டுப் போனது.

சேற்றில் உட்கார்ந்தபடியே கேமராவைச் சட்டையால் துடைத்தார். சட்டையிலும் சேறுதான். இனி நாற்காலியில் உட்காராத எதையும் படம் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்த மாடுகள் அங்கங்கே நின்று அசைபோட்டன.

"போதும்!" என்று வயலே அதிரும்படி கத்தினாள் மனைவி. "எழுந்திருங்க! கிளம்புங்க!"

மாடு, எருமை, ஆடு அத்தனையும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தன. பின்னால் ஓரமாக மிச்சமிருந்த பச்சை. மேலே பொன் வெயில். எல்லோருடைய இரண்டு காதும் தெரிந்தன. ஸ்டூடியோக்காரர் சேற்றிலிருந்தே பட்டனை அழுத்தினார்.

படம் போய்ச் சேர்ந்ததும் மேனேஜர் அழைத்தார். குரல் தழுதழுத்தது. "என்ன ஒரு நிறைவு சார் ஒவ்வொரு முகத்துலயும்! காலண்டர், பாக்கெட், வண்டி எல்லாத்துக்கும் இதுதான். ஊர் பூரா போஸ்டர் ஒட்டறோம். கீழே உங்க பேரும் பெரிசா வரும்."

ஸ்டூடியோக்காரருக்குச் சேறு மறந்துபோனது, முதுகுவலி மறந்துபோனது. மனைவிகூட முந்தானையின் மிச்சத்தை உதறிச் செருகிக்கொண்டு லேசாகச் சிரித்தாள். அவர் மாட்டுக்காரரிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு படத்துக்காக இவ்வளவு பயிரை அழிய விட்டீங்களே. இந்த மனசு யாருக்குங்க வரும்?"

மாட்டுக்காரர் கூச்சத்தோடு நெளிந்தார்.

"எனக்கேது சார் நிலம்? உங்க மனசுதான் பெரிய மனசு! சொந்த வயலைத் தொறந்து விட்டு, ஊரு மாட்டையெல்லாம் கூப்பிட்டு மேயச் சொல்ற முதலாளியை இன்னைக்குத்தான் சார் பாக்கறேன்."