தும்மிக்கொண்டே மருந்து விடுகிறவர்கள்

உலகத்தில் நோயாளிகள் இரண்டு இனம். படுத்திருப்பவர்கள் ஒரு இனம். படுத்திருப்பவரின் தலைமாட்டில் கைக்குட்டையோடு நின்றுகொண்டு, தான் நோயாளியே இல்லை என்று சாதிப்பவர்கள் இன்னொரு இனம். இன்று நாம் பார்க்கப்போவது இந்த இரண்டாவது இனத்தை. மரங்கள் பூக்கும் மாதங்களில் இவர்களை எந்தத் தெருவிலும் காணலாம். காண்பதற்கு முன்பே கேட்டும் விடலாம்.

மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, தொண்டை கரகரத்து நிற்கும் இவர்களிடம், "உடம்பு சரியில்லையா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். "எனக்கு ஒண்ணுமில்லை, தூசி!" எந்தத் தூசி? அந்த வீட்டைத் தினமும் மூன்று தடவை துடைப்பவரே இவர்தானே! ஒவ்வாமை மாத்திரை கைப்பையில் அட்டை பிரிக்காமல் இருக்கும். "அதைப் போட்டா தூக்கம் வருது. நான் தூங்கிட்டா அவனை யார் பார்க்கறது?"

எங்கள் மேல் வீட்டு அக்கா சொல்லும் 'அவனுக்கு' ஐம்பத்திரண்டு வயது. அக்கா தையற்கடை வைத்திருப்பவர். தம்பி பேருந்து ஓட்டுநர். கண்புரைக்கு அறுவை செய்துகொண்டு வந்தவரை அக்கா தன் வீட்டில் படுக்க வைத்து, பூந்தாது உள்ளே வராமல் ஜன்னல்களை எல்லாம் அடைத்து, வெயிலில் காய்ந்தால்தான் கிருமி சாகும் என்று தலையணை உறைகளை மட்டும் பூத்துக் குலுங்கும் மரத்துக்குப் பக்கத்திலேயே உலர்த்தி, அவற்றை உள்ளே கொண்டுவந்து தம்பியின் தலைமாட்டிலேயே பட்பட்டென்று உதறி, அப்புறம் தும்ம ஆரம்பிப்பார். ஒன்றல்ல, ஏழு. ஐந்தாவதில் கீழ் வீட்டில் நான் காபி டம்ளரை மேசையில் வைத்துவிடுவேன்.

அந்தத் தும்மலும் நல்ல நேரம் பார்த்துத்தான் வரும். நாளைக்கு நான்கு வேளை சொட்டு மருந்து. நான்கு வேளையும் வரும்.

"கண்ணைத் திற."

"திறந்துதான்க்கா இருக்கு."

"ஆடாதே."

"நான் எங்கே ஆடறேன்? நீதான்..."

"ஹா... ஹா..."

இரண்டாவது 'ஹா'வில் தம்பி கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். புயல் ஓய்ந்த பிறகு கணக்குப் பார்த்தால் ஒரு சொட்டு புருவத்தில், ஒரு சொட்டு காதில், ஒன்று நாட்காட்டியில். கண் மட்டும் வறண்டு கிடக்கும். "விட்டாச்சு" என்று அக்கா நோட்டில் குறித்துக்கொள்வார்.

"நானே விட்டுக்கறேனே?"

"கண் தெரியாதவன் கண்ணுக்கு மருந்து விடுவானா? பேசாம படு."

படுத்தார். ஆனால் பயம் இருந்தது. கண் தெளிந்தால்தான் பேருந்து. இல்லையென்றால் பணிமனையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் வண்டி எடுத்துப் போவதைப் பார்க்க வேண்டியதுதான். இருபத்தாறு வருடம் ஓட்டியவருக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

பரிசோதனைக்கு நானும் துணைக்குப் போனேன். செவிலியர் வெளியே வந்து பார்த்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அமைதியாக ஒருவர். இரண்டு கண்ணும் தக்காளியாகப் பழுத்து, தாரை தாரையாகக் கண்ணீர் வடிய இன்னொருவர். யாரை அழைத்துப்போவார்? அக்காவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தி, முகவாயைக் கருவியில் அழுத்திவிட்டார்.

"ஐயோ, எனக்கு ஒண்ணுமில்லை!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அசையாதீங்க."

மருத்துவர் விளக்கை அடித்துப் பார்த்துக் குழம்பினார். "ஆபரேஷன் பண்ணின கண்ணு எதும்மா?"

"அதோ, அவன்கிட்ட இருக்கு!"

அறை முழுக்கச் சிரித்தது. தம்பியின் கண்ணைப் பார்த்ததும் மருத்துவர் சிரிப்பை நிறுத்தினார். "மருந்து உள்ளே போன மாதிரியே தெரியலையே. ஒரு வாரம் தர்றேன். வீக்கம் குறையலைன்னா வண்டியை மறந்துடுங்க."

வெளியே வந்ததும் அக்கா கைப்பையிலிருந்த அட்டையைப் பிரித்து, தண்ணீர்கூட இல்லாமல் ஒரு மாத்திரையை விழுங்கினார். வீட்டுக்குப் போய்ப் பதினொரு மணிக்குச் சாய்ந்தவர், பொழுது சாயும்போதுதான் அடித்துப் பிடித்து எழுந்தார்.

"மருந்து விட்டியா?"

"ரெண்டு வேளையும் விட்டேன்."

"கண்ணுக்குள்ளேயா?"

"இப்பதான்க்கா முதல் தடவையா."

அக்கா அழுதார். இந்தத் தண்ணீருக்கும் பூந்தாதுக்கும் சம்பந்தமில்லை. "அப்போ இத்தனை நாளா நான் உனக்கு உபத்திரவம்தானாடா?"

"நீ பக்கத்துல இல்லேன்னா எனக்குப் பயமா இருக்குக்கா. நீ நல்லாத் தூங்கு. ஆனா இந்த ரூம்லயே தூங்கு."

அந்த வாரம் முழுக்க அக்கா நாற்காலியில் குறட்டை விட்டார், தம்பி தானே மருந்து விட்டுக்கொண்டார், தலையணை உறைகள் வீட்டுக்குள்ளேயே காய்ந்தன. அடுத்த வாரம் தம்பி பேருந்து எடுத்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் மூக்கைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த அறையில் படுத்திருப்பவரிடம் போய், "நான் கொஞ்ச நேரம் தூங்கட்டுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அப்போது அவர் முகத்தில் பரவும் நிம்மதியைத் தப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.