இரண்டு பாடமும் ஒரு ராகு காலமும்

இந்த வீட்டில் இனி என் சொல்தான் என்று தீர்மானித்தேன். 1988இல், ஹம்பேர்க்கில், அகதி முகாமை விட்டு இரண்டு அறை வீட்டுக்கு வந்த பிறகு எடுத்த முதல் தீர்மானம். காரணம் மகள் சிவகௌரி.

பதினோராம் வகுப்பு முடிகிறது. இனி இரண்டு பாடத்தைப் பெரிய பாடமாக எடுக்க வேண்டும். லைஸ்டுங்ஸ்கூர்ஸ் என்பார்கள். ஏறக்குறையப் பல்கலைக்கழகத் தரம். பெற்றாரில் ஒருவர் நேரில் போய் ஆசிரியையிடம் முடிவு சொல்ல வேண்டும்.

"கணிதம், பௌதிகம்," என்றேன். "முடிஞ்சுது."

"பிள்ளைக்கு ஜெர்மனும் சரித்திரமும்தான் விருப்பமாம்," என்றாள் மனைவி கமலாம்பிகை.

"ஆர்ட்ஸ் படிச்சு ஆர் உருப்பட்டது?"

"நீங்களும் ஆர்ட்ஸ்தானே?"

"அதைத்தான் சொல்லுறன்."

அவள் சிரிக்கவில்லை. "சரியப்பா, உங்கட விருப்பம்," என்றாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் இவ்வளவு சுருக்கமாக ஒப்புக்கொண்டதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் சொன்னாள். "இஞ்சேருங்கோ, பள்ளிக்கூடத்திலை ஆசிரியையைச் சந்திக்கிற டெர்மின் வியாழக்கிழமை இரண்டு மணிக்கு."

"ராகு காலமெல்லே!"

"ராகுவுக்கு இஞ்சத்தை நேரமோ, யாழ்ப்பாண நேரமோ?"

"அவனும் எங்களோடைதான் அகதியா வந்தவன். இஞ்சத்தை நேரந்தான்."

விளையாட்டில்லை. வந்த புதிதில் எங்கள் தஞ்ச மனு விசாரணை ஒரு வியாழன் இரண்டு மணிக்குத்தான் நடந்தது. தள்ளுபடி. மேன்முறையீடு இன்னும் கிடக்கிறது. அன்றிலிருந்து அந்த நேரத்தில் நான் சப்பாத்துக்கூடப் போடுவதில்லை.

"நீ போ," என்றேன். "முடிவெடுத்தது நான், நல்ல நேரத்திலை. போய்ச் சொல்லுறதுதான் உன்ரை வேலை."

"ஓம்."

வியாழன் பின்னேரம் தாயும் மகளும் திரும்பி வந்தார்கள்.

"என்ன, சொல்லியாச்சோ?"

"ஓம். ஜெர்மனும் சரித்திரமும்."

"கணிதம் எங்கை? பௌதிகம் எங்கை?"

"ராகு காலத்திலை நல்ல காரியம் தொடங்கினா விளங்காதெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்? உங்கட கணிதத்தைக் கொண்டுபோய் அந்த நேரத்திலை குடுக்க எனக்கு மனம் வரேல்லை. அதுதான் உங்களுக்குப் பிடிக்காததைக் குடுத்தனான்."

எழுந்து நின்றேன். "மாத்து!"

"ஏலாதாம்."

சிவகௌரி கோட்டைக் கழற்றாமல் நின்றாள். "அப்பா, அண்டைக்கு விசாரணையிலை நீங்கள் ஒரு மணித்தியாலம் கதைச்சனீங்கள். உங்கட சீவியத்திலை அவ்வளவு கதைச்சது அண்டைக்குத்தான். மொழிபெயர்க்க வந்தவர் அதை நாலு வசனத்திலை முடிச்சார். எனக்கு அப்ப ஜெர்மன் தெரியாது. எண்ண மட்டும் தெரியும்."

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"வழக்கு இன்னும் முடியேல்லை. அடுத்த முறை நான் சொல்லுறன். முழுக்கச் சொல்லுறன்."

யன்னல் பக்கம் திரும்பினேன். பார்க்க ஒன்றுமில்லை, எதிர்வீட்டுச் சுவர். என் தம்பி பாஸ்கரனைப் பிடித்துக்கொண்டு போன விதத்தையும் அன்று சொல்லியிருந்தேன். அது அந்த நாலு வசனத்துக்குள் இருந்ததோ, இல்லையோ. இன்றுவரை தெரியாது.

"சரி, படி," என்றேன்.

ஆனாலும் ஆண்பிள்ளை. ஒரு சொல் மிச்சம் வைக்க வேண்டாமா? "எல்லாம் அந்த ஆசிரியை குடுத்த நேரம். வேறை நேரம் தந்திருந்தா நானே போய்க் கணிதத்தை முடிச்சிருப்பன்."

கமலாம்பிகை தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள்.

"அவ திங்கள் பத்து மணியெண்டுதான் தந்தவ. நான்தான் கேட்டு வியாழன் இரண்டுக்கு மாத்தினனான்."