பிரசவத்துக்கு ஒரு மூச்சு வாத்தியார்

வயிற்றில் சுமக்காமலே பிள்ளை பெறத் தயாராகும் ஓர் இனம் நம்மிடையே பெருகிக்கொண்டு வருகிறது. மூச்சு வாத்தியார்கள் என்று நான் அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மனைவிக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும் இவருக்கு நடை மாறும், பேச்சு மாறும், காய்கறிக் கடையில் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டே முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் பிரசவத்தில் இடுப்பெலும்பு எப்படி விரிகிறது என்று விளக்கத் தொடங்குவார். அந்தப் பெண்மணிக்கு நான்கு பிள்ளைகள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டார். கேட்பதற்கு அவருக்கு எங்கே நேரம்?

எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் அப்படி ஒருவர் குடியிருக்கிறார். பெரிய தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தீப்பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று மாதம் ஒருமுறை ஆயிரம் பேரை ஓடவிட்டு, கையில் கடிகாரத்தோடு நின்று நேரம் குறிப்பது அவருடைய உத்தியோகம். இதுவரை அங்கே தீப்பிடித்ததே இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான் என்று எனக்குத் தோன்றும். மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அதிகம் பேச மாட்டார்.

வலிக்கு ஊசியோ மருந்தோ இல்லாமல் இயல்பாகப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் ஆசை. நல்ல ஆசை. யோசித்து, டாக்டரிடம் கேட்டு, முடிகிறவரை பார்க்கிறேன் என்று சொல்லியும் வைத்திருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஆசை முதலில் அவருடையதாகத்தான் இருந்தது. பிறகு எந்த வாரத்தில் என்று தெரியவில்லை, வீட்டுப் பத்திரம் கைமாறுகிற மாதிரி கணவர் பேருக்கு மாறிவிட்டது. மாறுகிற அவசரத்தில் ‘முடிகிறவரை’ எங்கேயோ விழுந்துவிட்டது. நாங்கள் மருந்து எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று லிஃப்டில் ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் அறிவிக்கத் தொடங்கினார்.

யார் அந்த ‘நாங்கள்’? பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறப்பதற்கு முன்பே இரண்டு ஊசி கேட்டுப் போட்டுக்கொண்ட மனிதர் இவர். துணைக்குப் போனவன் நான்தான்.

ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு பிரசவப் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். மனைவி கேட்டுக்கொண்டார். கணவர் குறிப்பெடுத்துக்கொண்டார். உட்கார்ந்து இடுப்பை அசைக்க ஒரு பெரிய ரப்பர் பந்து வாங்கச் சொன்னார்கள். வாங்கினார், அதன்மேல் தானே உட்கார்ந்து செய்தி பார்த்தார், இடுப்புக்கு ரொம்ப நல்லது என்று எனக்கும் சிபாரிசு செய்தார். வலியைத் தாங்கிப் பழக, ஐஸ் கட்டியை ஒரு நிமிடம் உள்ளங்கையில் பிடித்திருக்க வேண்டுமாம். இவர் முப்பது விநாடியில் தொட்டியில் போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டார். மனைவிக்கு மட்டும் முழு நிமிடமும் கடிகாரம் பார்த்தார். மூச்சை இழுத்து நிறுத்தி விடுகிற முறையை அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் கணக்கர்களுக்கும் காவலாளிக்கும் சொல்லிக்கொடுத்தாராம். காவலாளிக்கு அறுபது வயது.

அவருடைய மைத்துனி ஒருநாள் வந்தார். மூன்று பெற்றவர். மூன்றுக்கும் ஊசி போட்டுக்கொண்டதாகவும், சுகமாக இருந்ததாகவும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். வாத்தியார் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரீட்சையில் தவறிய பிள்ளையை அப்படிப் பார்ப்பார்கள்.

அப்புறம் பிரசவத் திட்டம் என்று ஒன்பது பக்கம் தட்டச்சு செய்தார். நர்சு கையெழுத்துப் போடுவதற்குத் தனி இடம். ஏழாவது விதி, மனைவி சொல்வது போலவே எழுதப்பட்டிருந்தது: ‘நானே கேட்டாலும் எனக்கு வலி மருந்து தரக் கூடாது.’ மனைவி அதை வாங்கி, தொழில் பழக்கத்தில் இருபத்துமூன்று பிழைகளைத் திருத்தி, ஏழாவது விதிக்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி ஒன்று போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதையும் எழுத்துப் பிழை என்று நினைத்துக்கொண்டு அந்த வரியை வேறு எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்து வைத்தார் இவர்.

எல்லாவற்றுக்கும் மகுடம் ஒத்திகை. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தால் அது ஒத்திகையே இல்லை என்பது அவருடைய தொழில் தர்மம். ஆகவே மனைவி, தோன்றுகிற நேரத்தில் திடீரென்று வலி வந்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். சொன்ன கணத்திலிருந்து கார் பின்சீட்டில் அமரும்வரை ஆறு நிமிடம். கார் என்னுடையது. அதனால் நானும் பாதிச் சவரம் செய்த முகத்தோடு நான்கு முறை கீழே ஓடியிருக்கிறேன்.

ஐந்தாவது முறை ஒரு சனிக்கிழமை முற்பகல். மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வலி வந்துவிட்டது என்றார். வாத்தியார் கடிகாரத்தை அமுக்கினார். அவசரத்தில் லிஃப்ட் கூடாது என்பது அவர் விதி; படி இறங்கும்போதே பின்னாலிருந்து பாராட்டிக்கொண்டு வந்தார்: “இன்னிக்கு ரொம்பத் தத்ரூபமா இருக்கும்மா. மூச்சு மட்டும் கொஞ்சம் தப்பு.” பின்சீட்டில் உட்காரவைத்தார். ஐந்து நிமிடம் நாற்பது விநாடி. இதுவரை இல்லாத சாதனை. அதைக் குறித்துவைக்க, ஆஸ்பத்திரிக்கென்று கட்டிவைத்த பையையும் தூக்கிக்கொண்டு திரும்ப மாடிக்கு ஓடினார்.

நான் கண்ணாடியில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன்.

“அண்ணா, இது நிஜம். நீங்க வண்டிய எடுங்க,” என்றார்.

ஹாரனை அடித்தேன். பால்கனியில் தலை தெரிந்தது. ஒத்திகை முடிந்தது, காரை விட்டு இறங்கி மேலே வரலாம் என்று சைகை காட்டியது. நான் வண்டியைக் கிளப்பினேன். அதற்கப்புறம் ஒற்றைச் செருப்போடு அவர் ஓடிவந்து ஏறிய நேரத்தைக் குறித்துவைக்க யாருமில்லை.

பிரசவ அறையில் நடந்ததை அந்தப் பெண்ணே பிறகு என் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒன்பது பக்கத்தையும் பெரிய நர்சு மரியாதையாக வாங்கி, தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வைத்தாராம். ஏழு மணி நேரம் போயிற்று. அந்தப் பெண் நடந்தார், குனிந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டார், கற்றுக்கொண்ட மூச்செல்லாம் விட்டார். வாத்தியார் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தப் பெண் கட்டிலில் சாய்ந்து, “போதும். ஊசி போட்டுக்கறேன்,” என்றார்.

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. செம்பை நகர்த்தி, ஏழாவது விதியைத் தேடி எடுத்தார். “நீயே கேட்டாலும் தரக் கூடாதுன்னு இதுல இருக்கேம்மா. இவ்வளவு தூரம் வந்துட்டோம். நம்மால முடியும்.”

“நம்மாலன்னா யாரு? வலிக்கறது எனக்கு.”

“சார், எண்ணினது போதும். ஊசி வர்ற வரைக்கும் அந்த இடுப்ப அமுக்கிவிடுங்க,” என்றார் பெரிய நர்சு. வாத்தியார் வாயை மூடிக்கொண்டு அமுக்கினார். இரண்டு உள்ளங்கையும் சிவக்கச் சிவக்க அமுக்கினார். ஒன்பது மாதத்தில் அவர் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்று அந்தப் பெண் இன்றைக்கும் சொல்கிறார், ஆசையாகத்தான் சொல்கிறார்.

பெண் குழந்தை. கையில் வாங்கியதும் வாத்தியார் விம்மி விம்மி அழுதார், மூச்சு எந்த முறையிலும் அடங்கவில்லை. ஆனால் மறுநாள் நாங்கள் பார்க்கப் போனபோது அந்த முகத்தில் ஒரு மூலையில் சோகம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, கடைசி நேரத்தில்தான் ஊசி போட வேண்டியதாகிவிட்டது என்று என் காதில் முணுமுணுத்தார். கட்டிலிலிருந்து பதில் வந்தது.

“எனக்குப் பொண்ணு பொறந்துட்டா. உங்க ரெக்கார்டுதான் போச்சு.”

அவர், நான் எதிர்பார்க்கவே இல்லை, வாய்விட்டுச் சிரித்தார். மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். மறுவாரம் லிஃப்டில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறார்: “நாங்க தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கறோம்.”

நன்றாகச் சிரித்தீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏழு மணி நேரம் தாங்கிய பிறகு அந்தப் பெண் ஊசி கேட்டாரே, அந்த இடத்தில், ‘அடடா, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே’ என்று உங்கள் மனத்தில் ஓடவில்லையா? நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு? ஓடியதென்றால் உங்களுக்கும் மேல்மாடிக்காரருக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவராவது இடுப்பை அமுக்கிவிட்டார்.