ஆறாவது கேள்வியும் என் பச்சைப் பவளமும்

போன்ஸே,
வியாழக்கிழமை காலை

தென்கரைப் பவளத் தொட்டிக்காரர் சங்கத்தின் மாண்புமிகு தலைவரும், என் போதாத காலத்துக்கு என் உடன்பிறந்த தம்பியுமாகிய அடோல்ஃபோ அவர்களுக்கு, அக்கா நெரெய்தா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அத்தான் எலாதியோ நலம், மீன்கள் ஏழும் நலம். ஒர்லாண்டோவில் நீயும் கடவுள் புண்ணியத்தில் நலமாக இருப்பாய், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது. போனில் திட்டினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். தாளில் திட்டினால் அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன்.

உங்கள் சங்கத்தின் முத்திரை குத்திய கடிதம் நேற்றுக் கிடைத்தது. "உண்மையான பவளத் தொட்டிக்காரர் யார்?" என்று தலைப்புப் போட்டு ஆறு கேள்வி. ஐந்தில் நான் தேறிவிட்டேனாம், மிக்க நன்றி. ஆறாவது: "தம் பவளத்திலிருந்து ஒரு துண்டேனும் வெட்டி இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறாரா?" இல்லை. ஆகையால் சகோதரி நெரெய்தா உண்மையானவர் அல்லர். ஆகையால் தலைவரின் தொட்டியை குவாயாமாவிலிருந்து மூத்த உறுப்பினர் டோன் அன்செல்மோ பாட்டீஸ் சனிக்கிழமை வந்து எடுத்துப் போவார். கீழே உன் கையெழுத்து. சகோதரியாம்! உனக்கு மூக்குத் துடைத்துவிட்ட கைக்கு நீ "சகோதரி" என்று எழுதுகிறாய். படித்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறிவிட்டது, கையிலிருந்த காப்பி ஆறியதுகூடத் தெரியவில்லை.

தலைவர் அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, இந்தத் தொட்டி என் வீட்டுக்கு வந்தது "ரெண்டே ரெண்டு மாசம்க்கா, வீடு பார்த்ததும் கொண்டுபோயிடறேன்" என்றுதான். மூன்று வருடம் ஆகிறது. நாலு பக்கக் குறிப்பு எழுதிவைத்துவிட்டு விமானம் ஏறினாய். அதில் கையில் க்ரீம் பூசியிருந்தால் தண்ணீரைத் தொடக் கூடாது என்று இருந்தது, சூடு எத்தனை, உப்பு எத்தனை என்று இருந்தது, அக்கா எப்படி இருப்பாள் என்று மட்டும் ஒரு வரி இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருகிறேன் என்கிறாய், மூன்று கிறிஸ்துமஸாக உன் பங்குத் துவரைச் சோற்றை எலாதியோ தின்று தொப்பை போட்டதுதான் மிச்சம்.

முந்தின வருட டிசம்பரை மறந்துவிட்டாயா? இருபத்திரண்டாம் தேதி தெருவே இருண்டுபோய் நாலு நாள் கரண்டு இல்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு சின்ன ஜெனரேட்டர், அது ஃபிரிட்ஜையும் தொட்டி மோட்டாரையும் சேர்த்துத் தாங்காது. ஃபிரிட்ஜுக்குள்ளே எலாதியோ ரெண்டு நாளாகப் பூண்டும் ஒரேகானோவும் தேய்த்து ஊறவைத்த பன்றித் தொடை, பத்துக் கிலோ. ஒரு கையில் ஃபிரிட்ஜ் ஒயர், இன்னொரு கையில் மோட்டார் ஒயர், நடுவில் நான். எலாதியோ என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

"வேணாம் நெரெய்தா. அது பண்டிகை. இது மீனு."

"பன்றி செத்துப்போச்சுய்யா. இதுங்க உசுரோட இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி விருந்துக்கு வந்த இருபது பேரும் டப்பா சாஸேஜும் வெறும் சோறும் தின்றார்கள், எலாதியோவின் தங்கை என்னை இன்றைக்கும் "மீன்காரி" என்றுதான் சொல்கிறாள், எலாதியோ ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்ரோலும் தீர்ந்துபோக, சான்கோச்சோக் குழம்பு கிளறுகிற கரண்டியால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தொட்டித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே நின்றேன், மூச்சுக் காற்றுக் கிடைக்கட்டும் என்று. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, "உப்பு சரியா இருக்கா பாத்தியா?" என்று கேட்டாள். அவள் கிண்டல் பண்ணினாள். நான் நிஜமாகவே பார்த்துச் சொன்னேன். இதெல்லாம் உன் எத்தனையாவது கேள்வியில் வருகிறது?

அப்புறம் உன் அத்தான் செய்த உபகாரம். நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் தொட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கிறதே என்று பரிதாபப்பட்டு, கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே என்று படகுத்துறைக்குப் போய் ஒரு வாளி மொண்டுவந்து ஊற்றிவிட்டான். ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே கிடக்கும், அதனால் நல்ல தண்ணீர்தான் ஊற்றணும் என்று நூறு தடவை சொல்லியாச்சு. போதாததுக்கு அந்த வாளியில் படகு டீசல் வேறு வானவில் மாதிரி மிதந்தது. "டீசல் மேலதானே மிதக்குது, மீனு கீழதானே இருக்கு?" என்று கேட்டான்டா என்னிடம். பாதித் தண்ணீரை வெளியே கொட்டி, புதிதாகக் கலந்து ஊற்றி, ஒரு வாரம் அவனைத் தொட்டி இருக்கிற கூடத்துக்குள்ளேயே விடவில்லை. போன வருடம் கொசுமருந்துப் புகை வண்டி தெருவுக்கு வந்தபோது, அந்தப் புகை பட்டால் இறாலெல்லாம் ஒரு மணி நேரத்தில் மல்லாந்துவிடும் என்று தலையில் முடி சுருட்டுகிற ரோலரோடு வண்டிக்கு முன்னால் போய் நின்றவள் நான். டிரைவர், "டோன்யா, வழி விடுங்க, டெங்கு வந்துரும்" என்றான். "எனக்கு வரட்டும்"னேன். ஊரே சிரித்தது. சிரிக்கட்டும், எனக்கென்ன.

இப்போது வெட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பச்சைப் பவளம் நீ விட்டுப் போனபோது கட்டைவிரல் அளவு இருந்தது. அந்த நாலு நாள் இருட்டுக்கு அப்புறம் முழுக்க வெளுத்து எலும்பாகப் போய்விட்டது, ஒரே ஒரு நுனியில் மட்டும் கடுகளவு பச்சை மிச்சம். தினம் காலையில் காப்பிக்கு முன்னால் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். கடுகு பட்டாணியாச்சு, பட்டாணி விரலாச்சு, இப்போது விரித்த கை அளவு, நுனியெல்லாம் ஊதா. அதைப் போய் வெட்டு என்கிறாய். பயமாக இருக்கிறதுடா எனக்கு. மறுபடி வெளுத்துவிட்டால் என்னால் இன்னொரு தரம் கடுகிலிருந்து ஆரம்பிக்க முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இதில் அந்தப் பாட்டீஸ் இருக்கிறானே, அவன் ஒரு பிணந்தின்னிக் கழுகு. ஆகஸ்டிலிருந்து ரெண்டு தடவை போன் பண்ணிவிட்டான். "டோன்யா நெரெய்தா, உங்க பச்சையில ஒரு நுனி..." என்று ஆரம்பிப்பான், நான் வைத்துவிடுவேன். நுனி கிடைக்கவில்லை என்றதும் தொட்டியையே கேட்கிறான், நீயும் முத்திரை குத்திக் கொடுக்கிறாய். கேட்டுக்கொள்: சனிக்கிழமை என் வீட்டு கேட் பூட்டியிருக்கும். வாளியோடு வந்தால் அந்த வாளியைக் கவிழ்த்து அவன் தலையிலேயே மாட்டி அனுப்புவேன். வெட்டமாட்டேன், கொடுக்கமாட்டேன், தொட்டி இந்த இடத்தை விட்டு ஒரு விரற்கடை நகராது. நான் உண்மையானவள் இல்லை என்றால் உங்கள் சங்கத்தில் ஒருத்தனும் உண்மையானவன் இல்லை.

உனக்கு நீண்ட ஆயுளும், உன் கழுத்துவலிக்குச் சுகமும், உன் புத்திக்குக் கொஞ்சம் வெளிச்சமும் கிடைக்க மாதா அருள்புரியட்டும். எலாதியோ விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான். நான் விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் (சங்கத்தின் கணக்கில் போலியான) அக்கா,
நெரெய்தா

பின்குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை. தபால்தலை வாங்க மறந்து கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. பாட்டீஸைப் பற்றி மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்.

நேற்று அவர் வந்தார். கேட் பூட்டியிருந்தது. நான் கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றேன். பெரிய மனுஷன், அரை மணி நேரம் வெயிலில் நின்றார். எலாதியோதான், "பாவம், உள்ள விடு, காப்பியாவது குடிக்கட்டும்" என்றான். உள்ளே வந்தவர் தொட்டி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொண்டுவந்த வாளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறார்.

"நாலு வருஷம் முன்னாடி உங்க தம்பி ஃபீத்தோவுக்கு நான்தான் டோன்யா இதை வெட்டிக் கொடுத்தேன். ஜூலையில என் சம்சாரத்துக்கு ஆபரேஷன். அவகூட ஆஸ்பத்திரியில இருந்தேன். கரண்டு போனது எனக்குத் தெரியாது. திரும்பி வந்து பாத்தா ஒண்ணு இல்ல, எல்லாம் போச்சு. கடல்ல போய் எடுக்கவும் கூடாது, தப்பு. நாம ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கிட்டாத்தான் உண்டு. என்கிட்ட செத்தது உங்ககிட்ட இருக்கு பாருங்க."

"தொட்டியைத் தூக்கத்தானே வந்தீங்க?"

"தொட்டி எதுக்கு? அதெல்லாம் ஃபீத்தோ கோவத்துல எழுதினது. எனக்கு ஒரு நுனி போதும்."

எலாதியோ கம்பி வெட்டுகிற குறட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கழுவிக் கொண்டுவந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் வெட்டினேன். 'டிக்' என்றது. எலாதியோ தன் விரல் போன மாதிரி கத்தினான். பாட்டீஸ் துண்டை ஒரு சின்னக் கல்லில் பசை வைத்து ஒட்டி, ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். பச்சை கொஞ்சம் சளியைக் கக்கிவிட்டு, சாயங்காலமே பழையபடி பூவிரித்து நின்றது. நான்தான் அதிலிருந்து இன்னும் சாப்பிடவில்லை. எலாதியோவுக்கு ஒரே சந்தோஷம்: "இனிமே கரண்டு போனா குவாயாமாவுல ஒண்ணு இருக்கு. ஜெனரேட்டர் ஃபிரிட்ஜுக்கு!" கனவு காணாதே என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. நீ ஒர்லாண்டோவில் தொட்டியே வைக்கவில்லை, குடித்தனம் இருக்கிற இடத்தில் அனுமதி இல்லை, தொட்டிப் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாய் என்று பாட்டீஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தொட்டியில்லாத தலைவர்! என்னிடம் ஏன்டா சொல்லவில்லை?

நான் ஒன்று வெட்டவில்லை, இரண்டு வெட்டினேன். இரண்டாவது மூலையில் தனிக் கல்லில் உட்கார்ந்திருக்கிறது, அதன் அடியில் உன் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். தபாலில் அனுப்பமாட்டேன். கல்லைப் பிடித்து வேரூன்ற மூன்று வாரம் ஆகுமாம். கிறிஸ்துமஸுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. நீயே வந்து வாங்கிக்கொள்.