பதினான்கு ஜன்னல்களில் கூவிய சேவல்

"பொதியில், செயலி இயங்கத் தேவையான கோப்புகள் மட்டுமே இருத்தல் வேண்டும். தேவைக்கு மேற்பட்ட அனுமதி எதையும் கோரலாகாது. சோதனைப் பதிப்பைப் பிறருக்கு வழங்கலாகாது."

லினக்ஸ் கணினிகளுக்கான இலவசச் செயலிகளைத் திரட்டித் தரும் ஓர் இணையக் கடையின் விதிகளில் இவை மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றையும் படித்தேன். அடிக்கோடும் இட்டேன். பிறகு ஒரே வாரத்தில் மூன்றையும் மீறினேன். முப்பத்தாறு ஆண்டு அரசுப் பணியில் ஒரு விதியைக்கூட மீறாதவன் நான். பயிற்சி இல்லாததால் அளவு தெரியாமல் போய்விட்டது.

எங்கள் மூத்தோர் சங்கத்துக்கு யாரோ பழைய கணினிகளைத் தானமாகக் கொடுத்தார்கள். வேறெந்த இயங்குதளத்தையும் தாங்க அவற்றுக்குத் தெம்பில்லை. லினக்ஸ் போட்டேன், உயிர் வந்தது. அதைப் பார்த்த உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் பரணிலிருந்தும் கணினிகளை இறக்கினார்கள். அவற்றுக்கும் போட்டேன். அடுத்து, நானே ஒரு செயலி எழுதினேன். பெயர் 'மனு'. பட்டியலில் ஒரு மாதிரிக் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பெயரும் விலாசமும் தானாக விழுந்து, விண்ணப்பம் தயாராகிவிடும். அச்சிடலாம். 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தினால் மின்னஞ்சலிலும் போகும்.

என் கணினியில் அது பிரமாதமாக ஓடியது. அடுத்தவர் கணினியில் ஓட வேண்டுமென்றால் அதைப் பொதியாகக் கட்ட வேண்டும். மாற்றலாகிப் போகும் அதிகாரி தன் மேசை, நாற்காலி, முத்திரை, பியூன் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டே புறப்படுவதைப் போன்ற ஏற்பாடு அது. எந்தக் கோப்புறைகளை ஏற்ற வேண்டும் என்று கேட்டது. இணைப்பு குறைகிறது என்று ஒரு கோப்பு திரும்பி வருவதைவிடப் பெரிய அவமானம் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. எனவே 'மனு' சம்பந்தமாக என்னிடம் இருந்த அத்தனையையும் ஏற்றினேன்.

அடுத்து, என்னென்ன அனுமதி வேண்டும் என்று கேட்டது. பத்து நாற்காலி கேட்டால்தான் ஆறு கிடைக்கும் என்பது அனுபவம். ஆகவே இணையம், கேமரா, மைக், புளூடூத் எல்லாவற்றையும் கேட்டேன். (கடிதம் எழுதும் செயலிக்குப் புளூடூத் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

பொதியைப் பரிசீலித்தவர் ஏதோ ஒரு தேசத்துத் தன்னார்வலர். மரியாதையாக இரண்டு கேள்வி கேட்டார். இத்தனை கோப்புகள் ஏன்? இத்தனை அனுமதிகள் ஏன்? நான் பத்தி எண்ணிட்டு இரண்டு பக்கம் பதில் எழுதினேன். 'கேமரா, எதிர்காலத் தேவை கருதி' என்பது அதில் மூன்றாம் பத்தி. அவர் ஒரு சோதனை இணைப்பை அனுப்பி, "உங்களுக்கு மட்டும். பொதிக்குள் என்ன இருக்கிறது என்று தயவுசெய்து ஒருமுறை பாருங்கள்" என்றார்.

கீழ்நிலை ஊழியர்கள் போடும் வழக்கமான ஆட்சேபணை என்று அதை ஒதுக்கிவிட்டு, இணைப்பைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "எதையாவது தேர்ந்தெடுத்து அனுப்பு பொத்தானை அழுத்திப் பாருங்கள். மாதிரிகளில் பெறுநர் விலாசம் கிடையாது. எங்கும் போகாது."

இங்கே ஓர் ஒப்புதல் வாக்குமூலம். எனக்குக் கோபம் வந்தால் புகார் எழுதுவேன். பெறுநர், பொருள், பார்வை என்று முறைப்படி எழுதுவேன். ஆனால் அனுப்ப மாட்டேன். கோப்பில் வைத்ததும் கோபம் ஆறிவிடும். அப்படி ஆறிய புகார்கள் என் கணினியில் 'அனுப்பாதவை' என்ற கோப்புறையில் நூற்றுக்கு மேல் இருந்தன. அனைத்திலும் பெறுநர் விலாசம் துல்லியமாக இருந்தது. அந்தக் கோப்புறையும் லாரியில் ஏறியிருந்தது.

செயலி அவற்றையும் மாதிரிகளோடு சேர்த்து அகர வரிசையில் அடுக்கியது. முதலில் நின்றது, 'அந்துவான் சேவல்'.

அந்துவான் என் எதிர்வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வழக்கில், சொல்தா. அவருடைய சேவலுக்குக் கப்பொரால் என்று பெயர். பட்டாளத்தில் தன்னை வாட்டி எடுத்தவனின் பதவியை அதற்குச் சூட்டியிருந்தார். அது நாலு மணிக்கே கூவும். ஐந்து மணிக்கு நாங்கள் இருவரும் ஊராரைக் குறை சொல்லிக்கொண்டே கடற்கரைக்கு நடக்கப் போவோம். பன்னிரண்டு வருடப் பழக்கம். எனக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். நண்பர் என்று சொல்ல அவர் ஒருவர்தான்.

அன்று மாலை முதல் தொலைபேசி கனகவல்லி டீச்சரிடமிருந்து வந்தது.

"சார், எல்லாம் படிச்சேன். சிரிச்சிச் சிரிச்சி வயிறு வலிக்குது. ஆனா எம்பேர்ல ஒண்ணுகூட இல்லியே?"

"எதைச் சொல்றீங்க டீச்சர்?"

"செயலர்மேல நாலு இருக்கு. பொருளாளர்மேல ரெண்டு. உங்க மச்சினிமேல ஒண்ணு. பத்து வருஷமா உங்க வாசல் பக்கம் தண்ணிய விடறேன், நான் உங்க கண்ணுக்கே தெரியலியா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். குழுவில் பதினான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தி, 'அனுப்பிவிட்டேன், நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதியிருந்தார்கள்.

புதன்கிழமை காலை, நடந்துவிட்டு வந்து அந்துவான் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நகராட்சி ஆய்வாளர் ஒருவர் கையில் காகிதக் கத்தையோடு வந்தார்.

"சார், இந்த வீட்டுச் சேவலப் பத்தி பதினாலு புகார். பதினாலு பேரும் அவங்கவங்க படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிர்ல கூவுதுன்றாங்க. இதுல ஒருத்தர் ஊர்க் கோடியில, தேங்காய்த்திட்டுல இருக்காரு. ஒரே சேவல் எப்படி சார் பதினாலு ஜன்னல்ல கூவும்?"

அந்துவான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை வாங்கிப் படித்தார். இன்னொன்றைப் படித்தார். பிறகு நிதானமாக என்னைப் பார்த்தார்.

"'மேற்படி சேவலானது தன் குரலின் தரத்தை அறியாது.' மேற்படி சேவல்னு எழுதற ஆளு இந்த ஊர்லயே ஒருத்தன்தான்யா."

"அந்துவான், அது அனுப்பாதது..."

"பதினாலு வந்திருக்கு. நீ அனுப்பியிருந்தா எத்தினி வந்திருக்கும்?"

ஆய்வாளர் சிரித்துவிட்டார். அந்துவான் சிரிக்கவில்லை. "காப்பி ஆறுது. குடிச்சிட்டுக் கெளம்பு" என்றார்.

மறுநாள் கப்பொரால் ஒரு கூடையில் ஏறி, வீராம்பட்டினத்தில் இருக்கும் அவருடைய தங்கை வீட்டுக்குப் போனது. ஐந்து மணிக்கு நான் தெருவில் நின்றேன். எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. தனியாக நடந்தேன். யாரையும் குறை சொல்ல முடியாமல் நடப்பது எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து 'அனுப்பாதவை' முழுவதையும் அழித்தேன். அச்சிடும் அனுமதி ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கைவிட்டு, பொதியைப் புதிதாகக் கட்டினேன். தன்னார்வலர் மறுநாளே ஒப்புதல் கொடுத்து, வாழ்த்தும் சொன்னார். கடையில் என் செயலி ஏறிவிட்டது. அதைச் சொல்லிப் பெருமையடிக்க ஆளில்லை.

"ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதுங்களேன்" என்றாள் என் மனைவி கலா.

"எழுதிட்டேன்."

"அனுப்புங்க!"

அனுப்பினேன். தெருவைக் கடந்தால் பத்தடி. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்பினேன். அட்டை கையெழுத்தோடு திரும்பியது. பதில் வரவில்லை. ஒரு மாதம் ஓடியது. பதில் வராத விண்ணப்பதாரர்களை ஆயுள் முழுக்க எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். இந்தப் பக்கம் இவ்வளவு வெயில் அடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியில் கதவின் அடியில் ஒரு காகிதம் கிடந்தது. என் செயலியிலேயே அடித்து அச்சிட்டிருந்தார்.

"பொருள்: மேற்படி சேவல். பார்வை: தங்கள் மன்னிப்பு. சேவல் இடமாற்றம் செய்யப்பட்டதால் ஒரு மாதமாக எனக்கு விழிப்பு வரவில்லை. பணியிடம் காலியாக உள்ளது. தாங்கள் நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு என் ஜன்னலுக்கு நேர் எதிரில் நின்று குரல் கொடுக்க உத்தரவிடப்படுகிறது. மேல்முறையீடு கிடையாது."

அன்றிலிருந்து கொடுத்துவருகிறேன். "அந்துவான்!" என்று மூன்று முறை. உடனே கதவு திறக்கும். எத்தனையாவது குரலுக்கு எழுந்தார் என்று அவர் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. தெருவில் இப்போது என்னைக் கப்பொரால் என்றுதான் சொல்கிறார்கள். என் பேத்தி வெளியூரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டால், "தாத்தா கூவிட்டாரா?" என்றுதான் முதலில் கேட்கிறாள். கலா தினமும் போர்வைக்குள்ளிருந்து, "போங்க, டூட்டிக்கு நேரமாச்சு" என்கிறாள்.

ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த ஒரே பணி நியமனம் அது. ஆணை கைக்கு வந்த நாள், பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்த அதே ஆகஸ்ட் பதினாறு.