மூன்று மாடிக்கு நான் தண்ணீர் ஏற்றிய கதை

ஒரு தொழிலில் ஒன்றுமே தெரியாதவனால் பெரிய கேடு வராது. கொஞ்சம் தெரிந்தவனைத்தான் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். இருபத்து மூன்று வயதில் என்னை யாரும் கட்டிப்போடவில்லை. அதனால் பதுளைக் கடைத்தெருவில் நடந்ததை இப்போது நானே ஒப்புக்கொள்கிறேன்.

ரயில் பதுளைக்கு வராமல் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம் அது. அப்பாவுக்குத் துணிக்கடை. பக்கத்துக் கடைக்காரர் இரண்டு மாடி கட்டிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக அப்பா மூன்று மாடி கட்டினார். (மூன்றாவது மாடியில் குடியிருக்க எங்கள் வீட்டில் ஆளே இல்லை.) உச்சியில் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்ட வேண்டும், ஊர் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய அடுத்த ஆசை. குழாய்கள் பண்டாரவளையிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கின.

வேலையைச் செய்தவர் மாடசாமி. எங்கள் கடைக்குப் பின்னால் ஏறும் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தார். தோட்டத்தின் நாலு மாடித் தேயிலைத் தொழிற்சாலைக்குக் குழாய் போட்ட ஆள். மலை உச்சி ஊற்றிலிருந்து தண்ணீரை இறக்கி, லயத்துக்குப் பக்கத்தில் ஒரு திறந்த தொட்டியில் விழவைத்தார். அங்கிருந்து எங்கள் வீட்டுச் சுவர் வழியாக மேலே ஏற்றி மொட்டைமாடித் தொட்டியில் விட்டார். அந்தத் தொட்டியில் ஒரு செப்புக் குண்டு மிதக்கும். தொட்டி நிறைந்தால் குண்டு எழும்பித் தண்ணீரைத் தானாக அடைத்துவிடும். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருப்பதை அப்படியே விட்டுவைக்க எங்கள் குடும்பத்துக்கு என்றைக்குமே முடிந்ததில்லை.

அப்பா ஒரு நாள் மலையேறிப் பார்த்தார். நடுத் தொட்டியில் லயத்துப் பெண்கள் குடத்தை முக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே வந்ததும் வராததுமாகக் கத்தினார்.

"கண்டவங்க கைய விட்ட தண்ணியிலயாடா நான் பூசை பண்றது? தொட்டிய எடு. ஊத்துலேருந்து நேரா வரணும்."

(இதே பெண்கள் கை பட்ட காசை வாங்கி அப்பா கண்ணில் ஒற்றிக்கொள்வார். காசுக்குத் தீட்டு ஒட்டாது போலிருக்கிறது.)

மாடசாமி என்னிடம் வந்தார்.

"சின்ன மொதலாளி, அந்தத் தொட்டியில விழுந்துதான் தண்ணியோட வேகம் செத்துப்போகுது. அத எடுத்தீங்கன்னா, மலையோட கனம் பூராவும் ஒங்க வீட்டு அடிச் சொவத்துல வந்து ஒக்காரும். தண்ணி ஓடுறப்ப ஒண்ணும் தெரியாதுங்க. நிக்கிறப்பதான் தெரியும்."

"ஓடுற தண்ணிய விட நிக்கிற தண்ணி பயங்கரமாய்யா?" என்று கேட்டுச் சிரித்தேன். என் படிப்பு ஏழாம் வகுப்பு ஆங்கிலமும், குழாய்க் கம்பெனி விலைப்பட்டியல் ஒன்றும். பட்டியலிலும் படம் மட்டும்தான் பார்த்திருந்தேன். அவரை வேலையிலிருந்து நிறுத்தினேன். தொட்டியை இடித்து, அதன் பக்கத்தில் தண்ணீரை நிறுத்துவதற்கு இருந்த அடைப்புத் திருகையும் வேண்டாத சாமான் என்று தூக்கிப் போட்டு, குழாயின் இரண்டு முனையையும் நானே சேர்த்தேன்.

குடிபுகும் நாளன்றே எனக்கு நிச்சயதாம்பூலம். லுணுகலையில் துணிக்கடை வைத்திருந்த முத்தையா பிள்ளையின் மகள் விசாலாட்சி. அவளை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அவள் கிடைக்காவிட்டால் பதுளை ஓயா ஆற்றில் விழுவது என்று முடிவு செய்திருந்தேன். (ஓயாவில் அப்போது முழங்கால் அளவு தண்ணீர்தான்.)

காலையில் ஓர் ஆளை ஊற்றுக்கு அனுப்பிக் குழாயில் தண்ணீரை விடச் செய்தேன். அழகாக ஏறியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. இருந்தாலும் நான் முன்யோசனைக்காரன் அல்லவா? தொட்டி இருப்பது உச்சியில், ஆபத்தும் உச்சியில்தான் என்று கணக்குப் போட்டு மூன்றாம் மாடியைக் காலி செய்தேன். பெண்களை நடுமாடி முன்னறையில் உட்காரவைத்தேன். துணிப் பொதிகளையும் சம்பந்தியையும் பத்திரமாகக் கீழ்த்தளத்தில், குழாய் போகும் சுவரோடு சாய்த்து வைத்தேன்.

தாம்பூலத் தட்டை மாற்ற முத்தையா பிள்ளை கையை நீட்டினார். அதே நேரம் மேலே தொட்டி நிறைந்து, குண்டு எழும்பி, தண்ணீர் நின்றது.

சுவர் ஒரு தடவை முனகியது. பிறகு குழாயின் அடி மூட்டு தெறித்து, யானை துதிக்கையால் அடித்ததுபோல் தண்ணீர் அவர் முதுகில் அடித்தது. தட்டு ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அவர் போய் விழுந்தது 'சாயம் போகாது' என்று அப்பா இருபது வருஷமாகத் தோட்டத்துச் சனங்களிடம் சத்தியம் செய்து விற்ற சிவப்புச் சேலைப் பொதியில். எழுந்தபோது அவருடைய வெள்ளை வேட்டி முழுச் சிவப்பு.

"அடைடா" என்றார் அப்பா. எதை அடைப்பது? அடைக்கும் திருகைத்தான் தூக்கிப் போட்டிருந்தேனே.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலையேறி ஓடினேன். ஊற்றடியில் மாடசாமி குடத்தோடு நின்றிருந்தார். கூட நாலைந்து பெண்கள். தொட்டி போனதிலிருந்து குடிக்கிற தண்ணீருக்கு அவர்கள் இவ்வளவு தூரம் ஏறி வரவேண்டியிருந்தது. நான் யாரையும் பார்க்காமல் சரிகை அங்கவஸ்திரத்தைச் சுருட்டிக் குழாய் வாயில் திணித்தேன். குழாய் அதை அப்படியே விழுங்கியது.

மாடசாமி குடத்தை இறக்கி வைத்தார். குழாயின் நுனியை ஒரு கையால் தண்ணீரை விட்டு வெளியே தூக்கிக் கல்லின் மேல் வைத்தார். அவ்வளவுதான் வேலை.

"நின்னுருச்சுங்களா?" என்று கேட்டார்.

அங்கே எனக்கு வெட்கம் வந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் என் கவலை முழுக்க விசாலாட்சியைப் பற்றி மட்டுமே இருந்தது.

திரும்பி வந்தபோது முத்தையா பிள்ளை ஈரம் சொட்ட நின்றுகொண்டிருந்தார்.

"பொண்ணு குடுக்குறத அப்புறம் பேசுவோம். இப்ப எனக்கொரு வேட்டி குடுங்க. சாயம் போகாததா பாத்து" என்றார் அப்பாவிடம். வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்தார். "ஆறு மாசம் இந்தச் சொவரு சும்மா இருந்துச்சுன்னா ஆள் அனுப்புங்க."

மறுநாளே மாடசாமி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"தொட்டிய மறுபடி கட்டணும், அண்ணே."

"பெரிய மொதலாளி ஒத்துக்கிட்டாருங்களா?"

"அவருக்குத் தெரிய வேணாம்."

"அப்ப கூலிக்கு ஆள் வைக்காதீங்க, வெளிய தெரிஞ்சுரும். செங்கல்ல நீங்களே தூக்குங்க."

தூக்கினேன். கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் நின்று பார்த்தார்கள். "மாப்பிள்ள நல்லாத்தான் தூக்குறாரு" என்றாள் ஒருத்தி. வெட்கம் அப்போதுதான் வந்தது, தாமதமாக, ஆனால் மொத்தமாக. அவர்கள் தண்ணீரைப் பிடுங்கியது நான். இடித்ததும் என் கைதான்.

சுவர் ஆறு மாதமும் சும்மா இருந்தது. விசாலாட்சி வந்தாள். முழங்கால் வலியால் அப்பா அதற்குப் பிறகு மலையேறவே இல்லை. ஊற்றிலிருந்து நேராக வருகிறது என்று நம்பி, சாகும்வரை அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் பூசை செய்தார், அதைத்தான் குடித்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் துணி எடுக்க வரும் மாடசாமி, கடை நிறைய ஆள் இருக்கும்போது கும்பிட்டுவிட்டுக் கேட்பார்: "மொதலாளி, தண்ணி நல்லா இருக்குங்களா?"

அப்பா கால் மணி நேரம் அதன் சுத்தத்தைப் பற்றிப் பேசுவார். மாடசாமி முழுவதையும் பணிவாகக் கேட்டுக்கொள்வார். நான் பொதிகளுக்குப் பின்னால் போய்த் துணியைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

விசாலாட்சியிடம் ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். என் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய தவறு அது. போன மாதம் எங்கள் கடைசி மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு மூலையும் என் மூளையில் உதித்தது என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அவள் காப்பித் தட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"என்னங்க, தண்ணி நல்லா இருக்குங்களா?" என்றாள்.

வந்தவர்கள் டம்ளரைப் பார்த்தார்கள். நான் கட்டடத்தை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரித்தேன்.